நாய்க்கும் ராணிக்கும் ஒரே சொல்

அன்புள்ள நோரினா அக்காவுக்கு,

ஃபெராராவிலிருந்து உன் தம்பி எவரிஸ்தோ எழுதிக்கொள்வது. என் முழங்கால் நலம். ஹரோல்டு அத்தானின் இடுப்பும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இவ்விரண்டைத் தவிர இங்கே எதுவும் நலமில்லை. காரணம், நீ வாழ்க்கைப்பட்டுப் போன இங்கிலாந்துதான்.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்கு கிளைவ் என்று ஓர் ஆங்கிலேயன் குடிவந்திருக்கிறான். வயது என் வயதுதான், உடுப்பு அரைக்கால் சட்டை. வந்த அன்றே படிக்கட்டில் லவீனியா அம்மையாரைப் பார்த்து, "லவீனியா, நீ எப்படி இருக்கே? உன் பூசணிப் பாஸ்தா வாசம் கீழே வரைக்கும் வருதே!" என்கிறான். லவீனியா அம்மையார் என் எதிர்வீட்டு விதவை, மருந்துக்கடை வைத்திருந்தவர். பல வருஷமாக இருவரும் தினமும் மூலைக் கடையில் நின்றபடி காப்பி குடிக்கிறோம். இன்றுவரை "நீங்க தூங்கினீங்களா?" "தூங்கினேன், நீங்க?" என்றுதான் பேச்சு. உனக்கு மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன்: நம் இத்தாலியில், இனி 'நீ' என்றே பேசிக்கொள்வோம் என்று பெண்தான் முதலில் சொல்லவேண்டும், ஆண் கேட்டால் அநாகரிகம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்தத் தடவை சொல்லிவிடுவார் என்று புதுச் சட்டை மாட்டிக்கொண்டு போய் நிற்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம்.

அந்தச் சொல்லை இவன் வந்த அன்றே எடுத்துக்கொண்டான். அவரோ சிரித்து, "நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்கே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைப் பிடித்துக் கேட்டேன். "எங்க ஊர்ல ராணிக்கும் 'யூ', நாய்க்கும் 'யூ'தான். நீ ஏன் கோவப்படறே, எவரிஸ்தோ?" என்று என் தோளைத் தட்டினான். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் தோளை! நாய்க்கும் ராணிக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தேசம் எப்படிக் குடும்பம் நடத்துகிறது? அத்தான் உன்னை விரும்பியபோது நெருங்கி வருகிறாரா, விலகி நிற்கிறாரா என்று எதை வைத்துக் கண்டுபிடித்தாய்?

விடுவேனா? குடியிருப்போர் கூட்டத்தில் லிஃப்ட் ரிப்பேர் பேச்சு முடிந்ததும் எழுந்து, இந்தக் கட்டடத்தில் எல்லோரும் எல்லோரையும் 'நீங்கள்' என்றே அழைக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். "நாய்ங்களையுமா, ஸ்டேஷன் மாஸ்டர் சார்?" என்று மாடி வீட்டுப் பல்மருத்துவர் கேட்க, ஒரே சிரிப்பு. எதிர்த்து முதலில் கை தூக்கியவர் லவீனியா அம்மையார். ஆதரித்துத் தூக்கியது என் கை மட்டும். மறுநாளிலிருந்து அவர் காப்பிக்கு வருவதில்லை. கிளைவோடு சைக்கிளில் கோட்டை மதில் பக்கம் போகிறாராம்.

ஆகையால் அவனுக்கு நல்ல ஆங்கிலத்தில், நாலு வார்த்தை நறுக்கென்று நீ எழுதவேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அத்தானுக்கு, அவர் தாய்மொழி நீங்கலாக, என் மரியாதை.

கோபம் ஆறாத தம்பி,
எவரிஸ்தோ

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். தபாலில் போட இறங்கும்போது லவீனியா அம்மையார் எதிரே வந்தார். தொப்பியைக் கழற்றி, "நீங்கள் நலமா, அம்மையாரே? சைக்கிள் சவாரி சுகமா?" என்று விறைப்பாகக் கேட்டேன். பையைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டடமே கேட்கக் கத்தினார்: "அவனை நீன்னு கூப்பிட எனக்கு என்ன பயம்? அவன் யாரு எனக்கு? உங்ககிட்டச் சொல்லத்தான் நாளைக்கு, நாளைக்குன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க என்னடான்னா அதைச் சொல்லவே கூடாதுன்னு சட்டம் போடப் பாக்கறீங்க! போய்யா! நீ ஒரு வடிகட்டின முட்டாள், எவரிஸ்தோ!"

அக்கா, 'நீ' என்று சொன்னார்! பல்மருத்துவரே சாட்சி. கிளைவுக்கு எதுவும் எழுதாதே, தங்கமான மனுஷன். பதிலுக்கு 'நீ' என்று நான்தான் இன்னும் சொல்லவில்லை. பரவாயில்லை, நாளைக் காலை காப்பிக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.