காய்கறிக் கட்டுக்குள் ஒரு பிரெஞ்சுக்காரி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை. நீ நலமாக இரு. அத்தானுக்கு இந்த வாரம் லேசாகச் சளி பிடித்தால் எனக்கு வருத்தமில்லை. இதைத் தனியாக இருந்து படி. போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாய். நேரில் வந்தால் அவர் கூடவே வந்து உட்கார்ந்துவிடுவார்.

நேற்று நீ, "உங்க அத்தான் பழைய புத்தகக் கடையில ஒரு கட்டு காய்கறிப் படம் வாங்கிட்டு வந்திருக்காருடி, அலமாரித் தட்டுல விரிச்சுக்கலாம்னு இருக்கேன்" என்றாய். விரிக்காதே. அடியிலிருந்து நான்காவது தாளில், முட்டைக்கோசுக்கும் முள்ளங்கிக்கும் நடுவே, ஒரு பெண் மேஜையில் அமர்ந்து கடிதத்துக்கு முத்திரை வைத்துக்கொண்டிருப்பாள். முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் பிரான்சில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்த படம். அவளை அங்கே வைத்தது நான்தான்.

எதையும் வாங்குமுன் நான் மூன்று முறை பார்க்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். செருப்புக்கே நான்கு முறை. அதுவரை வேறு யாரும் எடுத்துவிடாமலிருக்க, கடையிலேயே யாரும் புரட்டாத கட்டு ஒன்றில் செருகிவைப்பேன். படம் சேகரிப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான், ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. இப்படி ஒன்பது வருடத்தில் என்னிடம் சேர்ந்தவை பதினொன்று. அத்தானிடம் ஒன்றரை வருடத்தில் இருபத்தாறு. அவற்றில் பாதிக்கு மேல், நான் இரண்டு முறை பார்த்துவிட்டு மூன்றாம் முறை போனபோது காணாமல் போயிருந்தவை. ரயில் பாதை வரைபடங்களுக்குள் நான் வைத்த பாதிரியாரும், தையல் அளவுத் தாள்களுக்குள் வைத்த குதிரைக்காரனும் இப்போது உன் ஹாலில் சட்டத்துக்குள்ளிருந்து என்னைப் பார்க்கிறார்கள். மனிதருக்கு அப்படியோர் அதிர்ஷ்டம். வருகிறவர்களெல்லாம் "என்ன ரசனை சார் உங்களுக்கு" என்கிறார்கள். நான் தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் நிற்கிறேன்.

ரசனையாம். இந்தப் படங்களின் கீழ் ஓரத்தில் வரைந்தவர், செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்கள் பொறித்திருக்கும். அத்தான் முதலில் பார்ப்பதே அதைத்தான். போன மாதம் என்னிடம், "உன்னோடதுல ஒரு கையெழுத்துதானே? என்னோடதுல மூணு" என்றார். நான் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து பதினோரு படங்களிலும் பூதக்கண்ணாடி வைத்து, இன்னும் இரண்டு பெயராவது அகப்படுமா என்று தேடினேன்.

இந்தப் பெண்ணுக்குக் கீழே ஒன்றும் இல்லை. செதுக்கியவன் தன் பெயரை மேஜை இழுப்பறையின் விளிம்பில் எறும்பு ஊர்ந்ததுபோலப் போட்டிருக்கிறான். அத்தான் கையெழுத்தில்லை என்று தள்ளிவிடுவார், நீ அவள் முகத்தில் எண்ணெய் ஜாடியை வைப்பாய். அவள் யாருக்கு எழுதினாளோ தெரியாது. வேறு யாரும் படித்துவிடக் கூடாது என்ற கவனம் மட்டும் அந்த விரல்களில் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறெதுவும் பிடிக்கவில்லை.

ஆகவே ஓசைப்படாமல் உருவியெடுத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பு. அவர் கேட்டால் கரப்பான் அரித்துவிட்டது என்று சொல்.

உனக்கு என் அன்பு. பாப்பாவுக்கு முத்தம். அத்தானுக்கு அரை வணக்கம்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: தபால் பெட்டிக்குப் போகும் வழியில் கடைக்குள் நுழைந்தேன். அந்தக் கட்டு எங்கே என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க அத்தான் எங்கம்மா படம் பாக்கறாரு? உள்ள வந்ததும் 'என் மச்சினி இந்த வாரம் எதை ஒளிச்சு வச்சா'ன்னுதான் கேப்பாரு. அவ ரெண்டு தடவை பாத்துட்டான்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்பாரு. இந்தத் தடவை கட்டோட வாங்கினா உங்களுக்குச் சந்தேகம் வராதுன்னாரு" என்றார். அந்தப் பிரெஞ்சுக்காரி ஏற்கனவே சட்டம் போடப் போய்விட்டாளாம். அதனால் நீ தேட வேண்டாம், தாராளமாக விரித்துக்கொள். உன் ஹாலில் இருப்பது நல்ல ரசனை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அத்தானிடம் மூச்சு விடாதே. கிளம்புமுன், கடையில் இருப்பதிலேயே மட்டமான படம் ஒன்றை எடுத்து வெகுநேரம் பார்த்து, பெருமூச்சு விட்டு, பூகோளப் படங்களுக்குள் பத்திரமாக ஒளித்துவைத்தேன். நாளை இரண்டாம் முறை பார்க்கப் போகிறேன்.