மஸ்கா இருந்த உபவாசம்

சாமான் வாங்காமல் விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை இடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறவர், என் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்கே வழி சொல்கிறவர், இவர்களையெல்லாம் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். இங்கே நான் சொல்லப்போகிறவர் அப்படி விடக்கூடிய ரகம் இல்லை. இவர் அடுத்தவர் வயிற்றில் உபவாசம் இருப்பவர்.

இவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் முகத்தைப் பார்க்கும் முன்னால் உங்கள் தட்டைப் பார்ப்பார். ஒரு கையில் வடையும் மறு கையில் பாவ் ரொட்டியும் வைத்துக்கொண்டு, வாயில் இருப்பதை விழுங்காமலே, நீங்கள் டீயில் போடுகிற சீனியைப் பற்றி, உங்கள் தகப்பனார் எதனால் செத்தார் என்பதைப் பற்றி, அரிசிச் சோறு எப்படி இரத்தத்தைக் கெடுக்கிறது என்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார், சொல்லி முடிக்கும்போது இரண்டாவது வடையும் முடிந்திருக்கும். யாராவது இளைத்தால் அது அவர் சொன்னதால். யாராவது செத்தால் அது அவர் சொன்னதைக் கேட்காததால். அவர் மட்டும் ஏன் இப்படி இருக்கிறார் என்று கேட்டீர்களா? அது அவருக்கு எலும்பு கனம்.

புனேயில், கேம்ப் பகுதியில், எங்கள் பக்கத்து வீட்டிலேயே இந்த ரகத்தில் ஒன்று இருக்கிறது. பெயர் இன்பநாதன். மிலிட்டரி ஆபீஸ் ஒன்றில் சூப்பரின்டெண்ட். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான் என்றாலும் நாக்கு இன்னும் ஊரை விட்டு வரவில்லை. நான் அண்ணாச்சி என்பேன். அவர் என்னை "வே சவரி" என்பார். அவருக்கு வாயில் ஒரே சொல்: கன்ட்ரோல்.

"எல்லாம் கன்ட்ரோல்லதான் இருக்குவே. என்னப் பாரும்."

பார்த்தேன். சட்டையின் நடுப் பொத்தான் ஒன்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷம் இவர் சொன்னதை ஒருவரும் கேட்டதில்லை. சம்சாரம் கிருபாவதி ஒரு காதில்கூட வாங்குவதில்லை. ஒரே மகள் ஃபேபியோலா வேலைக்கு ஊரின் மறுகோடியில் ஹிஞ்சவடி போய், பக்கத்திலேயே வாகட்டில் அறை எடுத்துத் தப்பித்துவிட்டாள். அப்படித் தப்பிக்கும்போது ஒரு ஜீவனைத் தகப்பனிடம் மாட்டிவிட்டுப் போனதுதான் அந்தப் பெண் செய்த பிழை. ஒரு எலி.

முகம் சுளிக்காதீர்கள். பொறி வைத்துப் பிடிக்கிற எலி வேறு, கூண்டு வாங்கி வைத்துக் கொஞ்சுகிற எலி வேறு. இது இரண்டாவது. வெண்ணெய் நிறம், அதனால் மஸ்கா என்று பெயர். வாகட் வீட்டுக்காரர் எலி கூடாது என்று சொல்லிவிட்டதால் கேம்ப்பில் விட்டிருந்தாள். சனிக்கிழமை தோறும் வந்து மடியில் வைத்துக்கொண்டு அழாத குறையாகக் கொஞ்சிவிட்டுப் போவாள். ஆபீஸில் ஆயிரம் பேர் இருந்தும் தன்னைக் கண்டதும் ஓடி வருகிற ஆள் அவளுக்கு அது ஒன்றுதான்.

அப்புறம் ஓடி வரவில்லை. நடந்து வந்தது. பிறகு அதுவும் இல்லை. முதுகைச் சுத்தம் செய்யத் திரும்பினால் வயிறு குறுக்கே நின்றது. பாதத்தில் புண். மூச்சு விட்டால் விசில் மாதிரி ஒரு சத்தம். தீனி யார் தயவு என்று கேட்கவே வேண்டாம். கிருபாவதி தோசை சுட்டால் ஓரம் அதற்குத்தான்.

ஃபேபியோலா பதறிப்போய் என் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு மிருக டாக்டரம்மாவிடம் போனாள். தகப்பனும் தாயும் கூடவே ஏறினார்கள். டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்: உடம்பு குறைந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் இந்த மூச்சு நின்றுவிடும். எலித் தீவனத்தை அளந்து போடுங்கள், கூண்டு முழுக்க ஒளித்து வையுங்கள், தேடி அலைந்து தின்னட்டும், ஏறி இறங்கக் கயிறு கட்டுங்கள், வேறு எதுவும் கூடாது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மறுபடி கொண்டுவாருங்கள்.

ஆட்டோ திரும்பும்போது பின்னால் அண்ணாச்சியின் குரல் கேட்டது. தூக்குத் தண்டனை ரத்தான கைதி மாதிரி ஒரு சந்தோஷம் அதில்.

"இத எங்கிட்ட விடு ஃபேபி. நான் பாத்துக்கிடுதேன்."

இருக்காதா பின்னே? வாழ்நாளில் முதல் முறையாக எதிர்த்துப் பேசாத ஓர் ஆள் அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. கூண்டுக்குள் வேறு இருக்கிறது.

அந்த வாரம்தான் உபவாச காலம் தொடங்கியது. கத்தோலிக்கர்கள் நாங்கள் தவக்காலம் என்போம், அண்ணாச்சியின் சபையில் லெந்து என்பார்கள், பசி ஒன்றுதான். ஈஸ்டர் வரைக்கும் ஆளாளுக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிடுவது வழக்கம். அண்ணாச்சி பாகர்வடியை, எண்ணெயில் பொரித்த அந்த மசாலாச் சுருளை, விட்டார். கிருபாவதி பால்கோவா போட்டுச் செய்கிற மாவா கேக்கை விட்டார். குடும்ப ஜெபத்தில் அண்ணாச்சி மூன்றாவதாக ஒரு பெயரையும் சேர்த்தார்: மஸ்காவும் லெந்து அனுசரிக்கும்.

இதுவரைக்கும் நல்ல மனிதர் என்றுதான் நினைப்பீர்கள். பொறுங்கள். நீங்களும் நானும் ஒன்றை விட்டுவிட்டோம் என்றால் கடைப்பக்கம் போகமாட்டோம். அண்ணாச்சி விடுவதற்கு வேறு இலக்கணம் வைத்திருந்தார்.

"வாங்காம இருந்தா அது என்ன தியாகம்வே? கண்ணு முன்னால இருக்கணும். மணக்கணும். கை போகப்பிடாது. அதுதான் கன்ட்ரோல்."

ஆகவே பாகர்வடி வழக்கம்போல் வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் ஒரு தட்டில் அதை வைத்து, எதிரே உட்கார்ந்து, முறைத்துப் பார்த்து, ஜெபம் செய்து, சாத்தானை ஜெயித்துவிட்டு எழுந்திருப்பார். சரி, ஜெயித்தாயிற்று. தட்டில் இருப்பதை என்ன செய்வது? ஜெபம் செய்த பண்டத்தைக் குப்பையில் போடலாமா? பாவமில்லையா? மூலையில் கூண்டு. கம்பிக்கு நடுவே இரண்டு சின்னக் கை. ஒரே ஒரு துண்டுதானே!

அடுப்படியில் கிருபாவதியின் தியாகம் தனியாக நடந்துகொண்டிருந்தது. அதே மாவா கேக், அதே ஜெபம், அதே பாவ பயம், அதே கூண்டு. அவர் இல்லாத நேரம் இவர், இவர் இல்லாத நேரம் அவர். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது அல்லவா? ஞாயிற்றுக்கிழமை உபவாசக் கணக்கில் வராது என்பதால் அன்றைக்கு எலிக்கும் பிரியாணி.

இதற்கு நடுவில் டாக்டரம்மா சொன்ன தீவனத்தை அண்ணாச்சி ஸ்பூனில் தட்டித் தட்டி அளந்து, கூண்டில் ஒளித்து வைத்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் பார்த்தால் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். பாகர்வடி தின்றவன் தவிட்டு உருண்டையைத் தேடிப் போவானா? ஆனால் அண்ணாச்சிக்கு அது எப்படித் தெரிந்தது தெரியுமா? என்னை ஆட்டோவிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

"பாத்தீராவே? தொடவே இல்ல! சாப்பாட்டையே வெறுத்துட்டு. எலிக்கு இருக்க கன்ட்ரோல் உமக்கு உண்டா?"

எனக்கு இல்லைதான். எலி கூண்டின் மூலையில் மைதா மூட்டை மாதிரிச் சரிந்து கிடந்தது. விசில் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

"என்ன அண்ணாச்சி, முன்ன விட பெருசா தெரியுதே?"

"முடிதான்வே அது. முடி அடர்த்தியாயிருக்கு."

சனிக்கிழமை தோறும் வந்த ஃபேபியோலாவுக்கும் இதே பதில்தான். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. மறுபடி என் ஆட்டோ, மறுபடி அதே மூன்று பேர், மடியில் கூண்டு. ஃபேபியோலா வழியெல்லாம் விரலைக் கம்பிக்குள் விட்டுக்கொண்டே வந்தாள். எலி அந்த விரலை நக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, டாக்டரம்மா தராசில் வைத்தார். போன தடவையைவிட அதிகம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கோன் கிலா ரஹா ஹை இஸ்கோ?" என்றார். யார் இதற்குத் தின்னக் கொடுப்பது?

அண்ணாச்சி முதலில் தராசைச் சந்தேகித்தார். அப்புறம் உடம்பில் நீர் கோத்திருக்கும் என்றார். அப்புறம் பரம்பரை என்றார். எலியின் தாயாரை அவர் பார்த்ததுகூட இல்லை. கடைசியில் எலியின் நடத்தையிலேயே கை வைத்தார். "என்ன இருந்தாலும் எலிதான? திருட்டுப் புத்தி. ராத்திரி கூண்டைத் திறந்துக்கிட்டுப் போயிருக்கும்."

ஃபேபியோலா தகப்பனைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தட்டித் தடவித்தான் வரும்.

"மம்மி, நீ லெந்துக்கு கேக் விட்டே, இல்ல? அந்த கேக் எங்க போச்சு?"

கிருபாவதி புடவைத் தலைப்பைச் சுருட்டினார். "வீணாப் போகுதேன்னு... ஒரு துண்டுதாம்மா..."

"ஏ கிருபா! கேக்கா குடுத்த?" அண்ணாச்சி பாய்ந்தார். "நான் அங்க உசிரக் குடுத்துக் கன்ட்ரோல் பண்ணுதேன், நீ கேக்கா குடுக்க?"

"பாகர்வடி எங்க போச்சாம்? நீங்க தின்னலயே. தட்டு மட்டும் நக்குனாப்புல காலியா இருந்ததே. எண்ணெயில பொரிச்சதக் குடுத்துக் கொன்னது நீங்க!"

"நான் குடுத்தது ஜெபம் பண்ணுனது!"

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கை தன்னையறியாமல் கூண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கவனித்தீர்களா, இரண்டு பேரில் ஒருவர்கூட "நான் செய்தது தப்பு" என்று சொல்லவில்லை. இந்த ரகம் சொல்லாது.

ஃபேபியோலா கூண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சவரி அங்கிள், வாகட் போலாம்" என்றாள்.

"அங்க ஓனர் விடமாட்டாரேம்மா."

"வேற ரூம் பாக்குறேன். இவன் செத்துடுவான் அங்கிள்."

அண்ணாச்சி ஓடி வந்தார். ஓடி என்றால், அவரால் முடிந்தது. "ஏய், நாங்க எப்படி வீட்டுக்குப் போக?"

"நடங்க டாடி. நல்லது."

கிக்கரை இழுத்தேன். எத்தனையோ பேரை ஏற்றியிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக யாரையும் ஏற்றாமல் விட்டதில்லை.

சொன்னபடியே அறை மாறினாள். பழையதைவிடச் சின்னது, வாடகை கூட, ஆபீஸுக்கு இன்னும் தூரம். கயிறு கட்டினாள். தீவனத்தை ஒளித்து வைத்தாள். எலி முதலில் கோபித்துக்கொண்டது, அப்புறம் பசித்தது, அப்புறம் தேடியது. எல்லா எலியும் செய்வதுதான்.

ஈஸ்டர் கழிந்து, வெயில் கடுமையான ஒரு ஞாயிற்றுக்கிழமை. தன் சபைக் கோயில் வாசலில் அண்ணாச்சி நாலு பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு, மகள் அனுப்பிய, இளைத்த மஸ்காவின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார். "லெந்து பூரா நாம போட்ட கன்ட்ரோல்தான். பலன் இப்பத் தெரியுது." அதோடு விட்டாரா? நேரில் பார்க்க வாகட்டுக்குக் கிளம்பினார். கையில் ஒரு டப்பா. சாட்சிக்கு நான் வேண்டுமாம். மாடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

ஃபேபியோலா கதவைத் திறந்தாள். மஸ்கா அவள் கை வழியே ஏறி, தோளில் நின்று, எங்களை மோந்து பார்த்தது. மூச்சில் விசில் இல்லை. அந்தப் பெண் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு டப்பாவைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"டாடி, அது வெளிய வெச்சிட்டு வாங்க."

"மாவா கேக்தாம்மா. லெந்து முடிஞ்சிட்டுல்லா. ஒரே ஒரு துண்டு..."

"அது இல்லாம வாங்க டாடி."

எவ்வளவு சின்ன விஷயம்! டப்பாவைக் கீழே வைத்தால் மகள், எலி, ஒரு டம்ளர் தண்ணீர், எல்லாம் உள்ளே இருக்கிறது. அண்ணாச்சி யோசித்தார். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார். "பாசத்துக்குக் கூட கன்ட்ரோலா?" என்றார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கீழே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தவர், கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து டப்பாவை என் தோளுக்கு மேல் நீட்டினார்.

"நீரு தின்னும்வே. எனக்கு வேண்டாம். நான் கன்ட்ரோல்ல இருக்கேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது: மஸ்காவின் இடம் காலியாக இருக்கிறது.

எனக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்காக என்னைப் பெரிய யோக்கியன் என்று நினைக்காதீர்கள். நான் எந்தத் தவக்காலத்திலும் எதையும் விட்டவனில்லை, பீடியைக்கூட. அதனால் யார் கூண்டிலும் எதையும் தள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நான் கேட்பது உங்களைத்தான். டாக்டர் சீனியைக் குறைக்கச் சொன்ன அன்றைக்கு வீட்டில் இருந்த ஜிலேபி எங்கே போனது? "எனக்குப் போதும், நீ சாப்பிடு" என்று எவ்வளவு பெருந்தன்மையாகத் தட்டைத் தள்ளினீர்கள்! தள்ளியது இருக்கட்டும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற உங்கள் சம்சாரத்துக்கு இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? வாங்கினால், முடி அடர்த்தி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.