அசல் அறுபது

இனி என் குடும்பத்தில் பொய்க்கு இடமில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தேன். பொய் சொல்லிக்கொண்டிருந்தது என் கார்.

வேகம் காட்டும் மீட்டரில் முள் அறுபதில் நிற்கும். கைப்பேசியில் பார்த்தால் ஐம்பதுதான். எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் அறுபதைத் தாண்டினால் இறங்கி பஸ்ஸில் போய்விடுவேன் என்பது என் மனைவி போட்ட சட்டம். தினமும் காலையில் அவளை அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மருந்து கவுன்ட்டரில் விட்டுவிட்டுத்தான் நான் கணக்குச் சொல்லித்தரப் பள்ளிக்கூடம் போகிறேன். வழி நெடுக அவள் கண் முள்ளின் மேலேயே இருக்கும். அவள் மனமிரங்கிக் கொடுத்த அறுபதிலும் பத்தைக் கார் விழுங்கிக்கொண்டிருந்தது. குப்பை லாரிகூட என்னை முந்திப் போனது.

சனிக்கிழமை மெக்கானிக்கிடம் போனேன். மீட்டரைக் கழற்றி அரை நாள் மல்லுக்கட்டினார்.

"கூடக் காட்டினா நல்லதுன்னு எல்லாரும் விட்டுடுவாங்க சார்."

"எனக்கு உண்மை முக்கியம்," என்றேன்.

திங்கட்கிழமை முள் அறுபதைத் தொட்டது. அசல் அறுபது. மரங்களெல்லாம் சுறுசுறுப்பாகப் பின்னால் ஓடின.

"ஏங்க, இன்னிக்கு ஏன் இப்படிப் பறக்குறீங்க?"

"முள்ளைப் பாரு. அறுபதுதான்."

"பாத்தேன். வயிறு வேற மாதிரி சொல்லுதே."

இதற்காகத்தான் காத்திருந்தேன். வகுப்பில் நிற்பதுபோல் விளக்கினேன். "இத்தனை நாளா மீட்டர் தப்பு. அது அறுபதுன்னு காட்டினப்ப நாம போனது ஐம்பது. இப்பதான் சரி பண்ணியிருக்கேன்."

"அப்போ தினமும் ஐம்பதுலதான் போனோமா?"

"சத்தியமா."

"நல்லாத்தானே இருந்துச்சு. அதுலயே போங்க."

என் கணக்கே என் காலை வாரிவிட்டது.

"சட்டப்படி எனக்கு இன்னும் பத்து வரணும்," என்றேன். குரல் கெஞ்சியது.

"சீக்கிரம் போய் என்ன பண்ணப் போறோம்? வீட்டுல நீங்க விடைத்தாளுக்குள்ள தலையை விட்டுடுறீங்க. நான் பிள்ளைங்க பின்னாடி ஓடுறேன். இந்தக் கார்லதான் நீங்க எனக்குன்னு கிடைக்கிறீங்க. எழுந்து ஓட முடியாம பெல்ட் வேற போட்டிருக்கீங்க."

பயத்தில்தான் முள்ளையே பார்க்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதற்குள் அவள், கசப்பு மருந்தைத் திருப்பிக் கொடுக்க வந்து கவுன்ட்டரில் சண்டை பிடித்த ஒருவரின் கதையை ஆரம்பித்துவிட்டாள். அவர் மாதிரியே முகத்தைச் சுளித்துக் காட்டினாள். சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

பின்னாலிருந்து யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். முள்ளைப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே நாற்பதில் போய்க்கொண்டிருந்தேன்.