நகராதே மாமாவும் வித்யாவின் ஒரு புள்ளியும்

எந்த விளையாட்டையும் விளையாடாமல் எல்லா விளையாட்டிலும் இந்தியாவை ஜெயிக்க வைத்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் தில்லி கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் என் வீட்டுக்கு மேல் வீட்டில் குடியிருந்தார். ஏதோ ஓர் அமைச்சகத்தில் அசிஸ்டெண்ட். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் நகராதே மாமா.

ஆட்டம் நம் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது உட்கார்ந்தவர் எழுந்திருக்கக் கூடாது என்பது கிரிக்கெட் பார்க்கிற எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மற்றவர்களுக்கு அது வேடிக்கை, மாமாவுக்கு அது சட்டம். தொண்ணூறுகளின் நடுவில் நான் மாற்றலாகி வந்த புதிதில், உறை ஊற்றக் கொஞ்சம் மோர் வேண்டுமென்று கிண்ணத்தோடு மாடி ஏறினேன். வாசற்படியில் ஒரு காலை வைத்த அதே நொடியில் டிவியில் ஒரு சிக்ஸர் பறந்தது. "அப்படியே நில்லுங்கோ சார்" என்றார் மாமா, என் முகத்தைக்கூடப் பார்க்காமல். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நின்றேன். மாமி பரிதாபப்பட்டு, கிண்ணத்தில் மோரை ஊற்றிவிட்டு இன்னொரு கையில் காபி டம்ளரைக் கொடுத்தார். குடிக்கலாமா என்று கேட்டேன். ஓவர் முடியட்டும் என்றார் மாமா. இந்தியா ஜெயித்துத் தொலைத்தது. அதற்கப்புறம் முக்கியமான மேட்ச் என்றால் ஆள் அனுப்பி என்னை வாசற்படிக்கு வரவழைப்பார்.

இப்படிப்பட்டவர் இருக்கிற இடத்தில்தான் எதிர் வீட்டு வித்யா டென்னிஸ் ஆட ஆரம்பித்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். பள்ளிக்கூடக் கோப்பைகளையெல்லாம் வாங்கிக் குவித்துவிட்டு, பி.காம் முதல் வருஷத்தோடு படிப்பை நிறுத்தி, இனி டென்னிஸ்தான் என் தொழில் என்று நின்றாள். அவள் அப்பா ஒரு செக்‌ஷன் ஆபீசர். எதையும் கெடு வைத்தே செய்து பழகியவர், பெண்ணுக்கும் ஒரு வருஷம் கெடு வைத்தார். அதற்குள் உலகத் தரவரிசைக் கணக்கில் ஒரு புள்ளியாவது விழ வேண்டும். விழாவிட்டால் ராக்கெட்டைப் பரணில் போட்டுவிட்டு மறுபடியும் காலேஜ், அப்புறம் பாங்க் பரீட்சை.

ஏதாவது ஒரு தொழில்முறைப் போட்டியில் முதல் சுற்றை ஜெயித்தால் அந்தப் புள்ளி கிடைத்துவிடும். வித்யா அம்மாவையோ அப்பாவையோ துணைக்கு அழைத்துக்கொண்டு இரண்டாம் வகுப்பு ரயிலில் ஊர் ஊராகப் போனாள். போன ஊரிலெல்லாம் முதல் சுற்றிலேயே தோற்றாள்.

சண்டிகரில் கடைசி செட் வரை இழுத்துத் தோற்றபோது மாமா குவார்ட்டர்ஸில் விசாரணை நடத்தினார். ஆட்டம் நடந்த நேரத்தில் இங்கே யார் யார் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். சாம்பாரை இறக்கி வைக்க எழுந்ததாக வித்யாவின் அம்மா ஒத்துக்கொண்டார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். சாம்பார் அடிபிடித்தால் வேறு வைத்துக்கொள்ளலாம், புள்ளியை வைக்க முடியுமா என்று அவருக்கு நிஜமாகவே வருத்தம். லக்னோ ஆட்டத்தன்று அந்த வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை. வித்யா அப்போதும் தோற்றாள். யாராவது காலிங் பெல் அடித்திருப்பார்கள் என்று முடிவு கட்டினார் மாமா.

கெடுவின் கடைசிப் போட்டி தில்லியிலேயே வந்தது. இதிலும் முதல் சுற்றில் தோற்றால் கதை முடிந்தது. மாமா ஆபீசுக்கு லீவு போட்டு, எங்களுக்கும் போட வைத்து, ஒரு கூட்டத்தையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். யார் எங்கே உட்கார வேண்டும், எந்தக் காலை எதன்மேல் போட வேண்டும் என்றெல்லாம் அவரே தீர்மானித்தார். அவருக்கு டென்னிஸில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆனால் உயரமான நாற்காலியில் இருந்த நடுவர், ஆட்டம் நடக்கும்போது யாரும் எழுந்து நடமாடக் கூடாது என்று கணீரென்று சொன்னதும் மாமாவின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"பாத்தேளா சார்? இத்தனை வருஷமா நான் என்ன சொல்லிண்டிருக்கேன்?"

நடுவரே தம் கட்சி என்று ஆனபிறகு மாமாவைப் பிடிக்க முடியவில்லை. முதல் வரிசையில் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, எங்கள் கால்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். மூங்ஃபலி விற்கிற இந்திக்கார பையா ஒருவர் பின்வரிசையில் கூடையோடு போனபோது வித்யாவுக்கு ஒரு பாயிண்ட் விழுந்தது. அவரை மறுபடியும் நடக்கச் சொல்லி மாமா கையைக் காட்டினார். பையா அதை வியாபாரம் என்று எடுத்துக்கொண்டு எங்கள் அத்தனை பேருக்கும் வேர்க்கடலைப் பொட்டலம் மடித்துவிட்டார்.

இவ்வளவு ஏற்பாடு செய்தும் முதல் செட் போயிற்று. இரண்டாவதிலும் வித்யா பின்தங்கினாள். அவள் அப்பா வாட்சைப் பார்ப்பதும் ஆகாயத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். மாமாவுக்கு நாக்கு வறண்டு, இடைவேளை பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் வித்யா ஒரு கேமை எடுத்துவிட்டாள். வந்து உட்கார்ந்தார், அடுத்தது போயிற்று. யோசித்தபடி மறுபடியும் எழுந்து போனார். அவள் மறுபடியும் ஒன்று எடுத்தாள்.

அடுத்த இடைவேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யாருன்னு தெரிஞ்சுடுத்து சார்."

"யார் மாமா?"

"நான்தான்."

சிரித்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அத்தனை ஊரிலும் அந்தக் குழந்தை தோற்றதற்கு, இங்கே தில்லியில் தாம் உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்று அந்த மனுஷர் நம்பிவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டைத் தாண்டி வெளியே போய், ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

இரண்டாவது செட்டை வித்யா ஜெயித்தாள். மூன்றாவதில் ஆளுக்கொரு கேமாக மாறி மாறிப் போயிற்று. மாமா இல்லாத தைரியத்தில் நாங்கள் காலை மாற்றிப் போட்டிருக்கலாம், ஒருத்தரும் போடவில்லை. கடைசியில் எதிராளி அடித்த பந்து வலையில் விழுந்தது. வித்யாவின் அம்மா அழுதார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, காலேஜ் எங்கேயும் ஓடிவிடாது என்று பொதுவாகச் சொன்னார். கெடு நீண்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

வித்யா பார்வையாளர் வரிசையில் மாமாவைத் தேடினாள். நான் விஷயத்தைச் சொன்னேன். வியர்வையோடு கேட்டுக்கு ஓடினாள், நானும் பின்னாலேயே போனேன்.

"பாயிண்ட் விழுந்துடுத்தாம்மா?"

"விழுந்துடுச்சு மாமா. நீங்க ஏன் வெளிய வந்தீங்க?"

"இங்க நல்ல காத்து. இனிமே நீ எங்க ஆடினாலும் நான் வெளியிலேயே நின்னுக்கறேன்."

"அச்சா? அப்போ என் கேமை எப்பதான் பாப்பீங்க? நாளைக்கு உள்ள உக்காருங்க, என்னைப் பாத்து உக்காருங்க."

"தோத்துட்டியானா?"

"தோத்தா தோத்துட்டுப் போறேன். ஒரு தடவையாச்சும் நான் ஆடறதப் பாருங்க மாமா."

மறுநாள் அவளோடு ஆடியவள் பெரிய ஆட்டக்காரி, வெளிநாட்டுப் பெண். மாமா மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்தார். எங்களில் ஒருத்தர் தும்மினார், ஒருத்தர் எழுந்து வெளியே போய்விட்டுக்கூட வந்தார், மாமா கவனிக்கவில்லை. வாயைத் திறந்தபடி பந்து போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். வித்யா இரண்டே செட்டில் தோற்றாள். இன்றைக்கு யார் தலை உருளப் போகிறதோ என்று நாங்கள் எல்லோரும் மாமாவையே பார்த்தோம்.

வித்யா பையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தாலும் குறும்பு போகவில்லை.

"சொல்லுங்க மாமா, இன்னிக்கு யாரு நகர்ந்தது?"

"யாரும் நகரலைம்மா. அந்தப் பொண்ணு இன்னிக்கு உன்னைவிட நன்னா ஆடினா. அவ்வளவுதான்" என்றார் மாமா. அவள் பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டு, "நீ இத்தனை அழகா ஆடுவேன்னு யாருமே எங்கிட்ட சொல்லலியே" என்றார்.

அதற்கப்புறம் நான் மாற்றலாகி வேறு ஊர் போய், எத்தனையோ பேரோடு உட்கார்ந்து எத்தனையோ மேட்ச் பார்த்தாயிற்று. இஷ்டப்படி எழுந்திருக்கலாம், நடக்கலாம், கேட்பாரில்லை. எனக்கென்னவோ பக்கத்தில் மாமா இல்லாமல் ஒரு மேட்ச்சும் ருசிக்கவில்லை.