வெள்ளத்தில் நான் காத்த நிசப்தம்

என் குரலை நானே ரசிக்கிறவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொண்ணூறுகளில் அந்த வியாதிக்கு அரசாங்க உரிமமும் வாங்கி வைத்திருந்தேன். அமெச்சூர் ரேடியோ.

தாமிரபரணியில் வெள்ளம் வந்து டெலிபோன்கள் செத்துப்போன அன்று காலை, தச்சநல்லூரில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் என்னை உட்கார வைத்தார்கள். ஆற்றோரத்தில் யார் சிக்கியிருக்கிறார்கள் என்று நண்பன் சங்கரன் டவுனிலிருந்து வயர்லெஸ்ஸில் சொல்வான். திருச்செந்தூர் பக்கமிருந்து வள்ளத்தோடு வந்திருந்த சேவியர் அண்ணாச்சியை நான் அங்கே அனுப்ப வேண்டும். (இவ்வளவுதான் வேலை. எனக்கு இதுவே அதிகம் என்பது பிறகு தெரிந்தது.)

ஸ்பீக்கர் கரகரத்தது. எதிர்வீட்டில் நிவாரணத்துக்கு மாவாட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன்.

"அவசர நேரத்துல குறுக்கீடு இருக்கக் கூடாதுக்கா."

"அப்ப இட்லிக்கு என்ன செய்ய? உம்ம ரேடியோவ அவிச்சுக் குடுப்பீரா?"

முணுமுணுத்தபடி நிறுத்தினார். அடுத்து, சாரல் படாமலிருக்க மைக்கை பிளாஸ்டிக் பையில் போட்டு, நாலைந்து ரப்பர் பேண்டுகளை இறுக்கிச் சுற்றினேன். அவ்வளவுதான், ஸ்பீக்கர் கப்சிப்.

"என்ன வே, ஒரு சத்தத்தையும் காணோம்?" என்றார் அண்ணாச்சி.

"அதுதான் அண்ணாச்சி நம்ம வேலை சுத்தம்" என்று ஆரம்பித்தவன், குறுக்கீட்டை ஒழிப்பது எப்படி என்று விளக்கினேன். தாசில்தாருக்கு மைக் பிடிக்கவே தெரியவில்லை என்பதையும் உதாரணத்தோடு சொன்னேன்.

இருபது நிமிடம் கழித்துச் சங்கரன் சைக்கிளில் வந்தான். இடுப்புவரை சேறு. வந்த வேகத்தில் ரப்பர் பேண்டுகளை அறுத்தான். அவை பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கின்றன. அது அழுந்தியிருந்தால் நான் பேசுவதுதான் ஊருக்குக் கேட்கும். வேறு யாரும் பேச முடியாது.

"ஏலே, ஆத்தோரத் தெருவுல ஒரு பிள்ளத்தாச்சி மொட்டை மாடில வலியோட கிடக்கா. நீ பிரசங்கம் பண்ணுத. தாசில்தார் என் பக்கத்துல உக்காந்துதாம்லே கேட்டாரு."

அண்ணாச்சி அதற்குள் வள்ளத்தைத் தள்ளியிருந்தார். அவர் அந்தப் பெண்ணோடு திரும்பும்வரை எனக்கு வெட்கம்கூட வரவில்லை, பயம் மட்டும்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த அரைமணியில் பெண் குழந்தை.

அந்தக் குடும்பம் என்னை விடவே இல்லை. காதுகுத்துக்கு, சடங்குக்கு, எல்லாவற்றுக்கும் அழைப்பு. போன வருஷம், அன்று பிறந்த பெண்ணுக்குக் கல்யாணம். வாழ்த்திப் பேச மேடையேறி மைக்கைப் பிடித்தேன். பெண்ணின் அப்பா பைய வந்து காதோரம் சொன்னார்:

"ரெண்டு வார்த்தையோட முடிச்சிருங்க அண்ணாச்சி. கூட்டத்துல யாருக்காச்சும் வலி வந்திருக்கும்."

மைக் ஆனில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது.