அரிசி என்ன விலை என்று கேட்ட ஒற்றன்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என் பின்னால் முந்நூறு பேர் ஊர்வலமாக வந்திருக்கிறார்கள். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. அவர்கள் யாரும் என்னை வாழ்த்த வரவில்லை என்பதையும், அப்போது என் மீசையில் பாதி இல்லை என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதைக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது.

எழுபத்தொன்றாம் வருஷம், டிசம்பர். யுத்தம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கல்கத்தாவில் ஜன்னல் கண்ணாடிகளிலெல்லாம் கறுப்புக் காகிதம். எனக்கு இருபத்துமூன்று வயது. அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கரியாஹாட் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். நான் பிறந்ததே இந்த ஊரில்தான் என்பதால் வங்காளிகளைவிட நன்றாக வங்காளம் பேசுகிறேன் என்று எனக்கு ஒரு கர்வம். (அந்தக் கர்வத்தை அன்றைக்கே பிடுங்கிவிட்டார்கள், மீசையோடு சேர்த்து.)

விலைவாசி கணக்கெடுக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. சந்தை சந்தையாகப் போய் அறுபது பொருள்களின் விலையைக் கேட்டு அச்சடித்த படிவத்தில் நிரப்ப வேண்டும். எல்லைப்புற மாவட்டத்துக்குப் போகிற ஆளுக்கு யுத்தம் தொடங்கிய அன்றே வயிற்று வலி வந்துவிட்டது. எங்கள் தலைமை அதிகாரி கோஷால் பாபு படிவத்தை என் பக்கம் தள்ளினார். நானோ தேசமே என்னைக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டேன். புதுத் தோல் பை, கறுப்புக் கண்ணாடி, சட்டைப் பையில் மாவட்ட வரைபடம். இந்தக் கோலத்தில் எல்லைக்கு ஏழெட்டு மைல் இப்பால் இருந்த ஒரு வாரச் சந்தையில் போய் நின்றேன். நிஜமான ஒற்றன்கூட இவ்வளவு அக்கறையாக உடுத்தியிருக்க மாட்டான்.

நெல் விளையும் பூமி. அறுவடை முடிந்திருந்தது. ஒரு பக்கம் அகதிகள் கூட்டம், ஒரு பக்கம் ராணுவ லாரிகள். உப்பு, மண்ணெண்ணெய், கடுகெண்ணெய் எல்லாம் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. எண்ணெய்க் கடைக்காரன் அரசாங்கம் நிர்ணயித்த விலையைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டு, 'சரக்கு இல்லை' என்று கையை விரித்தான். கொல்லைப்புறத்தில் அதே மண்ணெண்ணெயை மூன்று மடங்குக்கு அளந்து ஊற்றிக்கொண்டிருந்தான். நான் மூன்று மடங்கைத்தான் எழுதினேன்.

அடுத்தது அரிசி. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி கோணியை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"மாஷி, நடுத்தர ரகம் கிலோ என்ன விலை?" என்றேன். (மாஷி என்றால் சித்தி. அங்கே முன்பின் தெரியாதவர்களையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.)

"எவ்வளவு வேணும்?"

"வாங்க வரல. எழுதிக்கத்தான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த விலைய எழுதுவே? இப்ப யாவாரி என் நெல்லுக்குக் குடுக்கறது ஒண்ணு. ரெண்டு மாசம் போனா அதையே எனக்குத் திருப்பி விப்பானே, அது ஒண்ணு. எதை?"

"ஒரு விலைக்குத்தான் இதுல கட்டம் இருக்கு மாஷி."

"அப்ப பொய்தான் எழுதப்போறே. விளக்குக்கு எண்ணெய் வாங்க அரிசி விக்கறேன். எழுதினா எண்ணெய் விலை எறங்குமா?"

"எறங்கும். கல்கத்தால பெரியவங்க இதைப் பாத்துதான் முடிவு பண்றாங்க" என்றேன், நானே மந்திரி மாதிரி. அவள் சொன்ன இரண்டு விலைகளையும் அந்த ஒரே கட்டத்துக்குள் நுணுக்கி எழுதிக்கொண்டேன்.

பொருள்களோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். படிவத்தின் இரண்டாம் பக்கம் கூலி, கட்டணம் வகைகள். 'சினிமா டிக்கெட், இரண்டாம் வகுப்பு' என்று ஒன்று. அந்தப் பொட்டலில் சினிமாக் கொட்டகையை எங்கே தேடுவது? அதற்கு அடுத்தது படகுக் கட்டணம். துறைக்குப் போய் ஓடக்காரரிடம் கேட்டேன்: "அக்கரைக்குப் போக எவ்வளவு?"

"படகு ஓடல. மிலிட்டரி நிறுத்திட்டாங்க."

அத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் படிவத்தில் மூன்று உட்பிரிவு இருந்ததே. "சரி, ஓடினா எவ்வளவு? ராத்திரிக்குத் தனிக் கட்டணமா? மூட்டை இருந்தா?"

அக்கரை தாண்டி ஏழெட்டு மைல் போனால் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பீரங்கி முழங்கிக்கொண்டிருக்கிறது. ஓடக்காரர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுச் சந்தைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். நல்ல சுறுசுறுப்பான மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன். (எனக்கு இருந்த மூளை அவ்வளவுதான்.)

அடுத்தது சவரம். விலை மட்டும் கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்களே, செய்துகொண்டே விசாரிக்கலாம் என்று நாவிதர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் கையில் புகையிலை நடுக்கம். கத்தி வழுக்கி மீசையின் ஒரு மூலை போய்விட்டது. சரி, முழுவதையும் எடுத்துவிடுங்கள் என்றேன். இடது பாதி போனதும் ஓடக்காரர் வந்துவிட்டார், பின்னால் பாதிச் சந்தையோடு.

"இவன்தான். ராத்திரி ஆத்தைத் தாண்ட வழி கேட்டான்."

"இப்ப பாரு, மீசைய எடுத்து ஆள மாத்தறான்."

பையைக் கவிழ்த்தார்கள். வரைபடம் வந்தது. பேர் கேட்டார்கள், சொன்னேன். மதராஸி என்றேன். "மதராஸியா? எங்க பாஷைய எங்களவிட நல்லா பேசறே?" என்றார் ஒருவர். பிறந்ததிலிருந்து யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். இப்படியா சொல்ல வேண்டும்? அடுத்த நிமிஷம் முதுகில் இரண்டு விழுந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ராணுவ முகாம். அங்கேதான் ஊர்வலம்.

முகாமில் திருநெல்வேலிக்காரரான ஒரு ஹவில்தார் இருந்தார். அப்பாடா, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

"தமிழனால நீ? எங்க, நாலு வார்த்தை பேசு பாப்போம்."

வாயைத் திறந்தால் பயத்தில் வந்தது இது: "நான்... ஜினிஸோட தாம் லிக்க வந்தேன். அபிஸ்ல அனுப்பிச்சா." (சாமான் விலையை எழுத வந்தேன் என்பதுதான் பாதி வங்காளமாக வந்தது.)

"இதுல தமிழ் எங்கல இருக்கு? கிழமை ஏழையும் சொல்லு."

"ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், பிருஹஸ்பதி..." (வியாழனுக்கு வங்காளத்தில் அப்படித்தான் பேர்.)

ஹவில்தாரின் முகம் இறுகியது. "கட்டி வைங்கடே இவனை" என்றார். ஒரு சிப்பாய் கயிறு எடுக்கப் போனான். அந்த நாட்களில் ஒற்றன் என்று கட்டப்பட்டவர்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்கு நடுவிலிருந்துதான் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ரேஷன் கடைக்காரனை அம்மா வைவாளே, அதே குரலில்:

"அந்தக் கட்டேல போற கோஷாலைச் சொல்லணும். எவனோ வயித்து வலின்னு படுத்துண்டா என் தலையிலயா கட்டறது? நாசமாப் போறவன், நாற்காலிய விட்டு எழுந்திருக்காம காயிதத்தை நீட்டறான். சினிமா டிக்கெட் விலையாம், ஓடாத படகுக்கு ராத்திரி ரேட்டாம். இதை அச்சடிச்சவன் கையில கரியைப் பூச. அவனவன் அரிசியை வித்து விளக்கெரிக்கறான், இவாளுக்குக் கட்டம் ரொம்பணுமாம், கட்டம்..."

நிறுத்தாமல் இரண்டு நிமிஷம். ஹவில்தார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "போதும்டே, போதும். வேத்து ஆளுக்கு இப்படி வைய வராது. நம்ம பயதான்" என்றவர், கூட்டத்திடம் இந்தியில் என்னவோ சொன்னார். கயிறு போனது, தேநீர் வந்தது. மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை. நாவிதர் எப்போதோ ஓடிவிட்டிருந்தார்.

வெளியே அந்த அரிசிக்கார மாஷி என் படிவக் கட்டோடு நின்றாள். கூட்டம் மிதித்ததைத் துடைத்து எடுத்து வந்திருந்தாள். "நான் சொன்னத அடிக்காம கொண்டு போ" என்றாள்.

பாதி மீசையோடு ரயிலில் கல்கத்தா வந்தேன். கதவைத் திறந்த அம்மா, முதுகில் பட்ட அடியைக் கேட்கவில்லை. "மீதி எங்கேடா?" என்றுதான் கேட்டாள்.

மறுநாள் கோஷால் பாபு சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். மண்ணெண்ணெய் விலையை அடித்தார். "இந்த விலைக்கு விக்கறது சட்டப்படி குற்றம். குற்றத்தை எப்படிச் சராசரில சேக்கறது?" பலகை விலையை எழுதினார். படகுக்குப் போன மாத விலை. இல்லாத சினிமாக் கொட்டகைக்கும் போன மாத விலை. (அந்தப் போன மாதத்து ஆசாமி ஊரைவிட்டே நகரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.) அரிசிக் கட்டத்துக்கு வந்தார். "ஒரு கட்டத்தில் ஒரு எண்" என்று சொல்லி, மாஷியின் இரண்டு விலைகளையும் ஒரே கோட்டில் அடித்தார்.

முகாமில் சொன்னது அத்தனையையும் அவர் மூஞ்சிக்கு எதிரே இன்னொரு தடவை சொன்னேன், தமிழில். அவர் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, "ஸ்லோகமா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த 'ஆமாம்' ஒன்றுக்காக என் மேலேயே எனக்கு இன்னும் ஆறவில்லை. வங்காளத்தில் சொல்லியிருக்கலாம். அவரைவிட நன்றாகவே சொல்லியிருப்பேன்.

நான் ரிடயர் ஆகிப் பல வருஷமாகிறது. என் மனைவி மாயவரத்துக்காரி. அவள் பக்கத்து உறவுக்காரர்கள் யார் வந்தாலும், பத்து நிமிஷம் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்குத் தமிழ் அவ்வளவா வராது போல" என்று இழுப்பார்கள்.

"யார் சொன்னா? இன்னிக்குப் பேப்பர்ல விலைவாசி ஏறவே இல்லைன்னு போட்டிருக்கான். அதைக் கையில குடுத்துட்டு நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்கோ, அப்புறம் கேளுங்கோ அவர் தமிழை" என்பாள் அவள்.

குழந்தைகள் உட்பட எல்லாரும் சிரித்தபடி நாற்காலியை நகர்த்திக்கொள்வார்கள். நான் மட்டும் சிரிக்காமல், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை வாங்கிக்கொள்வேன்.