எட்டு மார்க் வாங்கிய நெஞ்சுவலி

ஆறு மார்க் டாக்டர் என்னைக் கொல்லப் பார்த்தார். இதை எந்த மேடையிலும் சொல்வேன். சாட்சிக்கு என் மனைவி வசந்தா இருக்கிறாள். ஆனால் அவளும் இதில் பாதிக் குற்றவாளி.

ஆண்டவனே நேரில் வந்து நின்றாலும் பத்துக்கு ஆறுக்கு மேல் போடாத ஒரே மனிதர் அவர்தான். எதைப் பார்த்தாலும் மார்க். டர்ன்பைக் சுங்கச்சாவடியில் டிக்கெட்டை நீட்டிய அம்மாளுக்கு ஐந்து. அவர் மனைவியின் சாம்பாருக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஆறு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டி முடிப்பதற்குள், "கை நடுங்குது, நாலு" என்றார். பெண்ணின் அப்பா முறைத்த முறைப்பில் நாங்கள் பாயசத்துக்கு முன்னாலேயே எழுந்து வந்தோம்.

எண்பதுகளில் நாங்கள் எல்லோரும் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். அவர் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி டாக்டர். நெஞ்சுவலி வந்தவர்கள் உடனே ஓடிவராமல் ஏன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். நோயாளிகளிடம் கேள்வி கேட்க ஆள் வேண்டும். நர்ஸுகளுக்கு நேரம் இல்லை. அதனால் காலேஜ் பிள்ளைகளைப் பிடித்தார். எல்லாம் நாளைக்கு டாக்டராகப் போகிற பிள்ளைகள். 'ரிசர்ச் அசோசியேட்' என்று பெயர் வைத்து, ஒரு நீலக் கோட்டும் மாட்டிவிட்டார்.

பிள்ளைகளை அப்படியே நோயாளி முன்னால் விட முடியுமா? பழக்க வேண்டும். பழக்குவதற்குப் பொய் நோயாளிகள் வேண்டும். நடிகர்களை வைக்க ஆஸ்பத்திரி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டு பேஸ்மென்டில் வாராவாரம் பஜனைக்கு வருகிற நாங்கள் இருந்தோம். பஜனை முடிந்து சுண்டலைக் கையில் கொடுத்துவிட்டு வியாதியைப் பிரித்துக் கொடுத்தார். கமலா ஆன்ட்டிக்கு வயிற்றுவலி. யாழ்ப்பாணத்து அக்கவுன்டன்ட் செல்வராசாவுக்குக் கால் சுளுக்கு. எனக்கு நெஞ்சுவலி. கதாநாயகன் வேஷம். சும்மா சொல்லக்கூடாது, நடிப்பில் நான் பின்னி எடுத்தேன்.

டாக்டரின் சட்டங்கள் கொஞ்சம்தான், ஆனால் இரும்பு. நீ டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. நோயாளி வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு தேங்க்யூ சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும். நோயாளியைப் பார்த்துத் துளி சந்தேகம் வந்தாலும் ஆராய்ச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிட வேண்டும். அதற்கு யாருடைய அனுமதியும் கேட்கக்கூடாது.

வேண்டாம் என்று சொல்கிற வேலையைக் கமலா ஆன்ட்டியிடம் கொடுத்ததுதான் தப்பு. அந்த அம்மாள் வாழ்க்கையில் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு வெள்ளைக்காரப் பையன் வாயைத் திறப்பதற்குள் பேனாவைப் பிடுங்கிச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஆன்ட்டி! என்ன ஏதுன்னு கேக்காம கையெழுத்து போட்டா அது சம்மதமே இல்ல! வேண்டாம்னு சொல்லுங்கோ!"

"கொழந்தை முகத்தப் பாத்தா எப்பிடிப்பா வேண்டாம்னு சொல்றது? பாவம், சாப்ட்டானோ இல்லியோ."

"நீங்க வயித்துவலி பேஷன்ட்!"

"அதுக்காக? வலி எனக்குத்தானே, பசி அவனுக்கு இல்லியா? இந்தா கண்ணா, முறுக்கு."

பையன் முறுக்கைக் கடித்துக்கொண்டே தேங்க்யூ சொன்னான். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று மார்க்.

நான் வேஷத்தை வீட்டிலும் பழகினேன். ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது ஒரு தடவை, டிவி பார்க்கும்போது ஒரு தடவை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவேன். முதல் தடவை வசந்தா அலறினாள். அப்புறம் என்னைத் தாண்டிக்கொண்டு துணி மடிக்கப் போனாள். இவ்வளவு உழைத்தும் அந்த மனுஷன் எனக்குப் போட்டது ஆறு. "வசனம் ஜாஸ்தி சார். ஹார்ட் அட்டாக் வந்தவன் இவ்ளோ பேச மாட்டான்."

அந்தச் சனிக்கிழமை காலை ஒத்திகை ஆஸ்பத்திரியிலேயே, எமர்ஜென்சியில் காலியாக இருந்த ஓர் அறையில். விடிந்ததிலிருந்தே எனக்கு நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருந்தது. வசந்தாவிடம் சொன்னேன்.

"ரிஹர்சலா? மொதல்ல குப்பைய வெளிய வச்சிட்டு வாங்க."

வைத்தேன். எனக்கும் நேற்றைய வடைமேல்தான் சந்தேகம். நானே கார் ஓட்டிக்கொண்டு போனேன். அறைக்குள் நுழைந்து கட்டிலில் உட்கார்ந்ததும் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. இடது கை மரத்துப்போயிற்று.

அன்றைக்கு அனுவின் முறை. இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். "ஹலோ, ஐ ஆம் அனு. ஐ ஆம் நாட் எ டாக்டர் ஆர் எ நர்ஸ்" என்று ஆரம்பித்தாள்.

"அம்மாடி, வலிக்குது" என்றேன். அதற்கு மேல் குரல் எழும்பவில்லை.

பின்னால் நின்ற டாக்டர் கையைத் தட்டினார். "பாத்தியா! இதைத்தானே ஆறு மாசமா கேக்கறேன்! வசனமே இல்ல. அந்த வேர்வை எப்பிடி சார்? பாத்ரூம்ல தண்ணி தெளிச்சிண்டு வந்தேளா? எட்டு! எட்டு மார்க்!"

அவர் வாழ்நாளில் யாருக்கும் போடாத எட்டு. அதைக் கேட்டு எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தக் கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன்.

"யோவ்... நிஜம்யா" என்றேன்.

"ஆஹா! இது புதுசு!" என்றார்.

அனு மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்துக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். "ஹி ஆல்வேஸ் டாக்ஸ் சோ மச்" என்றாள். அடுத்த நொடி சுவரில் இருந்த சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டாள்.

"ஏய், என்ன பண்றே? இது ரிஹர்சல்! யாரைக் கேட்டு அமுக்கினே?"

"யாரையும் கேக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, அங்கிள்!"

கோபத்தில் அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது. நர்ஸுகள் ஓடிவந்தார்கள். ஒருத்தி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டு ஏதோ கத்தினாள். டாக்டரின் முகம் ரத்தமே இல்லாமல் வெளுத்ததை நான் பார்த்தேன். வழியில் நின்ற குளுக்கோஸ் ஸ்டாண்டை உதைத்துத் தள்ளிவிட்டு, என் கட்டிலை அவரே தள்ளிக்கொண்டு ஓடினார். "சார், கண்ண மூடாதேங்கோ. என்னைத் திட்டுங்கோ. நன்னாத் திட்டுங்கோ" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் திட்டினேன். அந்த வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

பிழைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் இதை யார் எழுதுவது?

இரண்டு நாள் கழித்து அனு நீலக் கோட்டோடு வந்தாள். இப்போது நான் நிஜ நோயாளி, அவள் நிஜமாகவே கேள்வி கேட்கலாம். சும்மா சீண்டிப் பார்க்க, "வேண்டாம்" என்றேன். சிரித்த முகத்தோடு தேங்க்யூ சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். அப்புறம் நர்ஸை அனுப்பிக் கெஞ்சிக் கூப்பிட வேண்டியதாயிற்று. வலி வந்தும் ஏன் தாமதித்தீர்கள் என்று கேட்டாள். "குப்பைய வெளிய வச்சேன்" என்றேன். முகம் மாறாமல் எழுதிக்கொண்டாள். வசந்தாதான் பக்கத்தில் இருந்து அழுதாள்.

டாக்டர் அன்றாடம் வந்து ஜன்னலோரம் நின்றார். நான் அவருடைய நோயாளியும் இல்லை. மருந்து வேறு டாக்டர் கொடுத்தார். இவர் எதற்கும் மார்க் போடவில்லை. ஆஸ்பத்திரி கொடுத்த உப்பில்லாத சூப்புக்குக்கூடப் போடவில்லை.

என் ஆத்திரம் இனிமேல்தான். உடம்பு தேறி பேஸ்மென்டுக்குப் போனால், என் நெஞ்சுவலியைச் செல்வராசாவுக்குக் கொடுத்திருக்கிறார்! எனக்குக் கால் சுளுக்கு! செல்வராசா நெஞ்சைப் பிடிப்பது சட்டைப் பையில் பேனா தேடுகிற மாதிரி இருக்கும்.

"அண்ணை, எனக்கு இது சரிவராது எண்டு சொன்னனான். டொக்டர் விடுறாரில்லை" என்று அவரே அழாத குறை.

"இப்பிடிப் பிடிக்கணும் செல்வராசா, பாருங்க" என்று நான் நெஞ்சில் கை வைத்துச் சரிந்து காட்டினேன். கமலா ஆன்ட்டி கைதட்டினார். டாக்டர் மட்டும் படியேறி வெளியே போய்விட்டார். நான் தேடிப் போனபோது பனியில், கோட்டு இல்லாமல், என் கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர், நீங்கள் இப்போது டெக்சஸில் மகள் வீட்டில் இருக்கிறீர்கள். இந்தப் பத்திரிகை அங்கே வருகிறது என்று எனக்குத் தெரியும். நன்றாக நடித்த எனக்கு அந்த வேஷத்தை ஏன் திரும்பத் தரவில்லை? போனில் கேட்கும்போதெல்லாம் "மாத்திரை போட்டாச்சா?" என்று பேச்சை மாற்றுகிறீர்கள். அது பதில் இல்லை. எனக்கு இங்கே, அச்சில், எல்லோரும் படிக்கிற மாதிரி பதில் வேண்டும்.